பிள்ளைக்குப் பிறந்தநாள்: திட்டம் போடுவோம், சீட்டு எழுதுவோம்



செந்துறை வட்டாரத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்திலிருந்து இந்த மாதப் பாடத்தைத் தொடங்குகிறோம். ஊக்குநர் கடன் விண்ணப்பங்களைப் படித்துக் கொண்டிருந்தார். மாடு வாங்க, மருத்துவச் செலவுக்கு, பள்ளிக்கூடப் பீஸ் கட்ட என்று வரிசையாக வந்தது. கடைசி விண்ணப்பத்தில் "பையனுக்குப் பிறந்தநாள் செய்ய, கோமாளி நிகழ்ச்சி வைக்க, ரூ.15,000" என்று இருந்தது. எல்லாரும் சிரித்து விட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கக்கா. போன வருசம் நானும் இப்படித்தான் பண்ணேன். குழுவுல பத்தாயிரம், வெளியில அஞ்சு ரூவா வட்டிக்கு அஞ்சாயிரம் வாங்கினேன். பாப்பாவுக்கு அஞ்சு வயசு. டவுன்ல பாத்தாளாம், கோமாளி வேணும்னா. யாரோ குடுத்த நம்பருக்குப் போன் போட்டேன். ஆறாயிரம் கேட்டாங்க, முன்பணம் நாலாயிரம் போன்லயே அனுப்பிட்டேன். பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் உக்கார வச்சாச்சு. அஞ்சு மணி ஆச்சு, ஆறு ஆச்சு, ஏழும் ஆச்சு. போன் சுவிட்ச் ஆப். புள்ளைங்க ஒவ்வொண்ணா எழுந்து போயிருச்சுங்க. எம்பொண்ணு புதுச் சட்டையோட வாசப்படியிலேயே உக்காந்துருந்தா. 'கோமாளி மாமா எப்பம்மா வருவாரு?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கேக் கூட வெட்டல. கடனைக் கட்ட பதினோரு மாசம் ஆச்சு. காசு போனதக்கூட மறந்துருவேன். அவ வாசப்படியில உக்காந்துருந்ததுதான் மறக்க மாட்டேங்குது."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் வயதில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: "நான் பொறந்த தேதி எனக்கே தெரியாது. கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. தொட்டேன். அவரா ஒரு தேதியப் போட்டுச் சேத்துக்கிட்டாரு. ஆதார் கார்டுலயும் அதேதான் இருக்கு. நமக்குத்தான் ஒரு நாளு இல்ல, நம்ம புள்ளைக்காவது இருக்கட்டுமே."

அவர் சொன்னது நியாயம். பிறந்தநாள் செய்ய ஆசைப்படுவதில் தப்பே இல்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது. குழுவில் நூறு ரூபாய் கொடுத்தாலும் தீர்மானம் போட்டு, பேரேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறோம். அதே நாம், முகம் தெரியாத ஒருவருக்கு நாலாயிரம் ரூபாயை ஒரு துண்டுச் சீட்டுக் கூட இல்லாமல் அனுப்பி விடுகிறோம். குழுவில் படித்த கணக்கும் எழுத்தும் வீட்டு விசேஷத்துக்கும் வரவேண்டும். அதுதான் இந்தப் பாடம்.

1. எந்த வயதுக்கு என்ன?

முன்பெல்லாம் நம் ஊரில் ஆண்டு நிறைவு, மொட்டை, காதுகுத்து இவைதான் பிள்ளைக்கான விசேஷம். கேக்கும் மெழுகுவத்தியும் பிற்பாடு வந்தவை. வந்ததில் குறையில்லை. ஆனால் வயதுக்குத் தகுந்த மாதிரி செய்யவேண்டும்.

முதல் பிறந்தநாள்: குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு அழும், இல்லாவிட்டால் தூங்கிவிடும். இந்த வயதுக்குக் கலை நிகழ்ச்சி தேவையே இல்லை. அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பல காரியங்களுக்குப் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணம் இந்தச் சான்றிதழ்தான். வாத்தியார் தேதி போட்ட காலம் மலையேறிவிட்டது.

மூன்று, நான்கு வயது: முகமூடி, பெரிய கரடி வேஷம், வெள்ளைப் பவுடர் பூசிய முகம் இவற்றைப் பார்த்துப் பல குழந்தைகள் மிரளும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், பாட்டு, ஒரு கதை. இதுவே போதும்.

ஐந்து முதல் பத்து வயது: கோமாளி, மேஜிக், பொம்மலாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் ரசிக்கிற வயது இதுதான். ஆனாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குப் பணம் கொடுப்பது வீண்.

பத்து வயதுக்கு மேல்: பிள்ளையையே கேளுங்கள். நாலு சிநேகிதிகளோடு கங்கைகொண்டசோழபுரம் போய்வர ஆசைப்படலாம். நாம் நினைப்பதைவிடச் செலவு குறைவாகவும் இருக்கலாம்.

2. கணக்கு போடுவோம்

ஒரு நோட்டை எடுத்து முதலில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். செலவு முழுவதும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துத்தான் ஏறும், இறங்கும். 30 பிள்ளைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு இது. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

கலைஞர் ஊதியம் (40 நிமிடம்) – ரூ.2,500
கலைஞருக்குப் பஸ் செலவு, சாப்பாடு – ரூ.400
கேக் ஒரு கிலோ – ரூ.700
கேசரி, சுண்டல், குடிக்க – ரூ.900
பலூன், கலர்த் தாள் – ரூ.150
பிள்ளைகளுக்குப் பென்சில், நோட்டு – ரூ.450
எதிர்பாராத செலவு – ரூ.400
மொத்தம் – ரூ.5,500

இந்த 5,500 ரூபாயை மாதம் 550 வீதம் பத்து மாதத்தில் சேர்த்து விடலாம். பிள்ளையின் பிறந்தநாள் திடீரென்று வருவதில்லை. எந்தத் தேதி என்று நமக்கு ஒரு வருடம் முன்பே தெரியும்.

கடன் வாங்கினால் என்ன ஆகும்? 15,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 1,500 அசல் கட்டினால் பத்து மாதத்தில் வட்டி 825 ரூபாய். அதே தொகையை வெளியில் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கி, கடைசியில்தான் அசலைக் கட்டினால் பத்து மாதத்தில் வட்டி மட்டும் 7,500 ரூபாய். அசலில் பாதி! கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் நம் கால் அந்த வாசலுக்குத்தான் போகிறது. போகாமல் இருக்க ஒரே வழி முன்கூட்டிச் சேர்ப்பதுதான்.

இன்னொன்று. "மொய் வந்துரும், சரிக்கட்டிக்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். மொய் வரவு அல்ல, கடன். இன்றைக்கு நூறு வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு நாம் நூற்றைம்பது வைக்கவேண்டும். அதை நம்பி யாருக்கும் ஊதியம் பேசக்கூடாது.

3. நாள், நேரம், இடம்

முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பங்குனி, சித்திரையில் நம் பக்கத்தில் அம்மாக்கள் வீடு திரும்பவே இருட்டிவிடும். திருவிழாக் காலத்தில் கலைஞர்களுக்கு வேலை அதிகம், கூலியும் கூடும். பிறந்தநாள் அந்தச் சமயத்தில் வந்தால், அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நிகழ்ச்சியை வசதியான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொள்ளலாம். பிள்ளை கோபித்துக் கொள்ளாது.

மாலை நான்கரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிப்பது நல்லது. வெளிச்சம் இருக்கும், கரண்டு போனாலும் நிகழ்ச்சி நிற்காது. ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு மைக் செட்டே வேண்டாம். நல்ல கலைஞருக்குத் தன் குரலே போதும்.

4. கலைஞரை எப்படித் தேடுவது?

முகம் தெரியாத நம்பரில் தொடங்காதீர்கள். பள்ளி ஆண்டு விழாவிலோ கோயில் திருவிழாவிலோ நீங்கள் கண்ணால் பார்த்தவரைக் கேளுங்கள். கூட்டமைப்பில் மற்ற ஊர்க் குழுக்களைக் கேளுங்கள்: "உங்க ஊருக்கு யாரு வந்தாங்க? சொன்ன நேரத்துக்கு வந்தாங்களா? புள்ளைங்களை மரியாதையா நடத்தினாங்களா?" இந்த மூன்று கேள்வி போதும்.

தமிழக அரசு 2007-ஆம் ஆண்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை அமைத்தது. அதில் பதிவு செய்த கலைஞர்களிடம் உறுப்பினர் அட்டை இருக்கும். அட்டையைப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயதுவாரியாக விருது கொடுக்கின்றன. விருது வாங்கியவர்கள் நம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் கற்றுத் தருகிறார்கள். அங்கே சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு நிறையக் கலைஞர்களைத் தெரியும்.

இரண்டு விஷயத்துக்கு ஒத்துக் கொள்ளாதீர்கள். பாம்பு, குரங்கு, பச்சைக்கிளி வைத்து வித்தை காட்டுவது வேண்டாம். இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அதேபோல், சின்னப் பிள்ளையைக் கயிற்றில் நடக்கவிடுவது, கம்பத்தில் ஏற்றுவது மாதிரியான நிகழ்ச்சியும் வேண்டாம். நம் பிள்ளை சிரிப்பதற்காக இன்னொரு பிள்ளை உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

5. ஒப்பந்தச் சீட்டு

பெரிய பத்திரம் ஒன்றும் தேவையில்லை. நோட்டில் ஒரு பக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக் கொண்டால் போதும். மாதிரி இதோ:

"........ ஊரைச் சேர்ந்த ........ ஆகிய நான், ........ தேதி மாலை ....... மணிக்கு ........ ஊரில் ....... நிமிடம் ........ நிகழ்ச்சி நடத்த ஒப்புக்கொள்கிறேன். என்னோடு ....... பேர் வருவார்கள். மொத்த ஊதியம் ரூ........ முன்பணம் ரூ........ பெற்றுக் கொண்டேன். மீதி ரூ........ நிகழ்ச்சி முடிந்ததும் அங்கேயே பெற்றுக் கொள்வேன். பஸ் செலவு ஊதியத்தில் சேர்ந்தது / தனி. நான் வர இயலாவிட்டால் இரண்டு நாள் முன்பே சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தருவேன். அழைத்தவர் கடைசி நேரத்தில் நிறுத்தினால் முன்பணம் எனக்குச் சேரும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். அந்த நாளை நமக்காக ஒதுக்கி வைத்து, வேறு வேலையை விட்டவர் அவர். நாம் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் அவருக்கும் நஷ்டம்தானே?

முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். போனில் அனுப்பினால், பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்து அனுப்புங்கள். அனுப்பிய விவரத்தை அழிக்காமல் வையுங்கள். முதல் நாளும் அன்று காலையிலும் ஒருமுறை பேசி உறுதி செய்யுங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

6. பாதுகாப்பு

பறக்கும் பலூன்: கேஸ் பலூனில் சில இடங்களில் ஹைட்ரஜன் அடைத்து விற்கிறார்கள். தீப்பொறி பட்டால் அது வெடிக்கும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு தலைவரின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில், வெடித்த பட்டாசின் நெருப்புப் பட்டு இப்படிப்பட்ட பலூன்கள் தீப்பிடித்து வெடித்தன. பலர் காயமடைந்தார்கள். 2022 அக்டோபரில் திருச்சி கோட்டைவாசல் பகுதியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டரே வெடித்து ஓர் உயிர் போனது. வாயால் ஊதிய பலூனே போதும். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி விடுங்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும்.

நுரை ஸ்பிரே: கேக் வெட்டும்போது பீய்ச்சுகிறார்களே, அந்த டப்பாக்கள் பலவற்றில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. மெழுகுவத்தி எரியும்போது பீய்ச்சினால் குழந்தையின் முகத்திலேயே தீப்பற்றும். வாங்கவே வேண்டாம். முடியைப் பின்னிக் கட்டி, பருத்தித் துணி உடுத்தி விடுங்கள்.

தின்பண்டம்: நம் பக்கத்தில் முந்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முழு முந்திரி, முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், புரையேறும். பொடித்துப் போடுங்கள்.

பிள்ளைகளின் பத்திரம்: வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிள்ளையை அவரோடு தனியாக விடாதீர்கள். மடியில் உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பயப்படுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மற்றவர் பிள்ளையின் படத்தை அவர்கள் அம்மாவைக் கேட்காமல் போனில் பரப்பக்கூடாது. பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

7. வருபவரும் உழைப்பாளிதான்

கோமாளி வேஷம் போடுகிறவர் வெயிலில் கனமான உடையில் வியர்க்க நின்று பிழைப்பவர். வேஷம் மாற்றிக் கொள்ள மறைவான இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். "டேய் கோமாளி" என்று பிள்ளைகள் கத்தினால் தடுங்கள். தெரு எதுவோ, சாதி எதுவோ என்று கேட்டுத் தனித் தட்டு வைக்காதீர்கள். நமக்கு வைக்கிற அதே பந்தியில் சாப்பிடச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் "மொய் எண்ணிட்டுத் தரேன், கொஞ்சம் இருங்க" என்று காக்க வைக்காமல், மீதியை எண்ணிக் கையில் கொடுங்கள். நூறுநாள் வேலைக் கூலி ஒரு வாரம் தள்ளிப் போனால் நமக்கு எப்படி இருக்கிறது?

8. அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம்

நாம் முதலில் சொன்ன உறுப்பினரின் மகளுக்கு இந்த ஆனி மாதம் ஆறு வயது ஆனது. அதே குழுவில் இன்னும் இரண்டு பேரின் பிள்ளைகளுக்கும் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் பிறந்தநாள். மூன்று அம்மாக்களும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியாக வைக்கக் குழுவில் பேசி முடிவெடுத்தார்கள். கலைஞர் ஊதியமும் அவர் செலவும் சேர்ந்து 2,900 ரூபாய். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம் கூட ஆகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி விழாவில் பார்த்தவரையே பேசி, சீட்டு எழுதி, 900 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். யாரும் கடன் வாங்கவில்லை.

அவர் நாலு மணிக்கே வந்துவிட்டார். அந்தப் பெண் பிள்ளை மட்டும் கிட்டே வரவில்லை. போன வருடத்து நினைப்பு! அம்மா விஷயத்தைச் சொன்னதும், அவர் வேஷம் போட உள்ளே போகாமல் திண்ணையிலேயே கண்ணாடியை வைத்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க முகத்துக்கு வெள்ளை பூசினார். சிவப்பு மூக்கை எடுத்து அவளிடம் நீட்டி, "இத நீ மாட்டி விடுறியா பாப்பா?" என்று கேட்டார். அவள் மாட்டிவிட்டாள். பிறகு நாற்பது நிமிடமும் முதல் வரிசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இந்தத் தடவ வாசப்படியில உக்காரலக்கா" என்றார் அவள் அம்மா, அடுத்த கூட்டத்தில். கடன் விண்ணப்பம் போட்டிருந்த உறுப்பினர் அதைத் திரும்ப வாங்கிக் கொண்டு, தன் மகன் பிறந்தநாளுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை ஒரு தாளில் எழுதுவோம். எந்த மாதத்தில் சேர்ந்து கொண்டாடலாம்?
2. எத்தனை பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறவில்லை? யார், எப்போது போய்ச் சேர்ப்பது?
3. விசேஷச் செலவுக்கு மாதாமாதம் தனிச் சேமிப்பு வைக்கலாமா? எவ்வளவு?
4. நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள கலைஞர்கள் யார் யார்? அவர்களில் வாரியத்தில் பதியாதவர்களுக்கு நாம் எப்படி உதவலாம்?
5. போன வருடம் நாம் சீட்டு எழுதாமல் யாருக்காவது முன்பணம் கொடுத்தோமா? என்ன ஆனது?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மறக்காதீர்கள்.